டூயிக்கு விழாத ஒற்றை ஓட்டு

போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்க கார்டினல்கள் நூற்றுச் சொச்சம் பேர் போதும். ஓய்வு பெற்ற ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரைப் புகழ்மண்டபத்தில் ஏற்றப் பத்திரிகை எழுத்தாளர்கள் நானூறு பேர் வேண்டும். எது கனமான பொறுப்பு என்பது இதிலேயே தெரிந்துவிடும். கார்டினல்களை ஓர் இடத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள். எங்கள் ஆட்களைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. அவரவர் வீட்டுச் சமையலறையில், கெட்சப் பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் பேனாவால் வரலாற்றை எழுதித் தபாலில் போட்டுவிடுகிறார்கள். பூட்டியிருந்தால் மில்வாக்கி லென் ட்ரோப்னிக்கு அந்தப் பிசகு நேர்ந்திருக்காது என்பது என் தாழ்மையான கருத்து.

லென் ஒன்றும் பெரிய மனிதர் இல்லை. எங்கள் பத்திரிகையில் முப்பத்தொரு வருடம் பேஸ்பால் எழுதினார். பக்கத்து மேசையில் பதினெட்டு வருடம் அவருடைய எழுத்துப் பிழைகளைத் திருத்திய உரிமையில் இதைச் சொல்கிறேன். குட்டை உருவம். ஜூலை மாதத்திலும் கழற்றாத பழுப்புக் கம்பளிச் சட்டை. தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு பாகமாக வெட்டிய மூக்குக் கண்ணாடி. அவர் எந்தப் பாகத்தால் பார்க்கிறார் என்பது அவருக்கே நிச்சயமில்லை. ஆனால் அவரிடம் ஓர் ஓட்டு இருந்தது. எங்கள் ஊரில் மேயரிடம்கூட அப்படியொரு ஓட்டு கிடையாது.

விதிமுறை எளிது. ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் ஆனவர்களின் பெயர்களை அகரவரிசையில் அச்சடித்து, நவம்பர் கடைசியில் ஒரு தாள் வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். அதிகம் போனால் பத்துக் கட்டங்களில் பெருக்கல் குறி போடலாம். அடியில் கையெழுத்து. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் தபால் முத்திரை விழ வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் குறி போட்டிருந்தால் அந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே அமரர். வெண்கலத்தில் முகத்தை வார்த்துச் சுவரில் மாட்டுவார்கள். நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் போடாவிட்டால் அடுத்த வருடம் பட்டியலில் பெயரே இருக்காது. அப்புறம் எந்த வருடமும் இருக்காது.

இதற்கு நடுவே விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு சடங்கு உண்டு. வெண்கலத்துக்கு எந்த வழியிலும் தகுதியில்லாத சில சாதாரண ஆட்டக்காரர்களும், பத்து வருடம் தாக்குப்பிடித்த ஒரே காரணத்துக்காக, அந்தத் தாளில் ஒரு தடவை இடம்பிடிப்பார்கள். அவர்களில் சிலருக்கு முடிவு அறிவிக்கும் நாளில் ஒரே ஓர் ஓட்டு விழுந்திருக்கும். அது யார் போட்டது, ஏன் போட்டது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஆளின் ஊர்க்காரர் ஒருவர், அவனை நல்லவன் என்று நினைத்த ஒருவர், நானூறு பேர் சிரித்தாலும் பரவாயில்லை என்று போட்டது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே உள்ள தூரம், ஒன்றுக்கும் முந்நூறுக்கும் நடுவே உள்ள தூரத்தைவிட அதிகம் என்பதை அந்தத் தாளில் பெயர் வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

டூயி பெக்ஸ்ட்ராமுக்கு அப்படி ஓர் ஓட்டுப் போடுவதாக லென் வாக்குக் கொடுத்திருந்தார்.

டூயி பந்து பிடிப்பவன். அதாவது, வீச்சாளர் வீசும் பந்தை மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து வாங்குகிறவன். பதினோரு வருடம் எங்கள் ஊர் அணியில் இருந்தான். அதில் பெரும் பகுதியை பெஞ்சில் கழித்தான். முதல் பிடிப்பாளனுக்கு முழங்கால் வலித்தால் இவனைக் கூப்பிடுவார்கள். மற்றபடி சூரியகாந்தி விதை கொறிப்பதில் நாட்டிலேயே முதல் வரிசையில் இருந்தான். ஓய்வு பெற்றதும், ஊரையொட்டிய வெஸ்ட் ஆலிஸில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் எட்டுத் தடங்கள் உள்ள ஒரு பௌலிங் கூடத்தை வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் பொரித்த மீன் போட்டு, ஊரில் எல்லாருக்கும் வேண்டியவனாகிவிட்டான்.

லெனும் அவனும் நண்பர்களானது ஒரு தொலைபேசி அழைப்பால். பத்திரிகையை விட்ட பிறகு லென் சில வருடம் மைதானத்தில் ஆட்டக் குறிப்பாளராக இருந்தார். பந்து பிடிப்பவனைத் தாண்டிப் போனால் அது யாருடைய தப்பு என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. வீசியவன் தப்பென்றால் ‘காட்டு வீச்சு’. பிடிக்க வேண்டியவன் தப்பென்றால் ‘விட்ட பந்து’. ஒரு நாள் டிராவிஸ் பெல்லாமி என்ற வீச்சாளன் வீசிய பந்து, தரையில் குத்தி, டூயியின் தோளைத் தாண்டி, வேலி வரைக்கும் போயிற்று. லென் ‘காட்டு வீச்சு’ என்று அறிவித்தார். குழந்தைகூட அப்படித்தான் அறிவிக்கும். ஐந்து நிமிடத்தில், மேலே லென் இருந்த அறையில், ஆட்டக்காரர்களின் பெஞ்சிலிருந்து தொலைபேசி அடித்தது. டூயி.

“யோவ், யாருய்யா மேல? விட்ட பந்துன்னு மாத்து. என் பேர்ல போடு.”

“அது மண்ணுல குத்துச்சு. கடவுளே குந்தியிருந்தாலும் பிடிக்க முடியாது.”

“கடவுள் பிடிச்சிருப்பார். நான் பிடிக்கல. ஏன்னா நான் நல்ல ஆட்டக்காரன் இல்ல. இதுகூடத் தெரியாமயா உன்னை மேல உக்கார வச்சிருக்காங்க?”

“எதுக்குடா உனக்கு இது?”

“அவனுக்கு இந்த வருஷம் கான்ட்ராக்ட் முடியுது. பயந்து போய்க் கிடக்கான். எனக்குக் கெடுறதுக்கு என்ன இருக்கு?”

குறிப்பாளரைக் கூப்பிட்டுத் தன் தப்பை அடுத்தவன் தலையில் போடச் சொல்கிற ஆட்டக்காரர்கள் வாரத்துக்கு இரண்டு பேர். அடுத்தவன் தப்பைத் தன் தலையில் போடச் சொன்னவனை லென் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவர் மாற்றவில்லை, விதி இடம் கொடுக்கவில்லை. ஆனால் மறுநாள் மைதான வாசலில் காத்திருந்து டூயியின் கையைக் குலுக்கினார்.

இந்த டிராவிஸ் பெல்லாமியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லென் பத்திரிகையில் இருந்த காலத்தில், டிராவிஸ் எதிரணிக்கு ஓட்டங்களை வாரிக் கொடுத்ததைப் பற்றி ‘தாராளம்’ என்று ஒரே ஒரு சொல் எழுதினார். மறுநாள் லெனின் ஒலிப்பதிவுக் கருவி பத்திரிகையாளர் சாப்பாட்டு அறையில், உருக்கிய சீஸ் பாத்திரத்துக்குள் கண்டெடுக்கப்பட்டது. “ஏய் பேனா! உன் ரேடியோ பாடுதா பாரு” என்று டிராவிஸ் கதவோரம் நின்று சிரித்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. லென் சண்டை போடுகிற ஆள் இல்லை. அதற்குப் பிறகு டிராவிஸின் குடும்பப் பெயரை ஒவ்வொரு கட்டுரையிலும் ஓர் எழுத்துக் கூட்டியே எழுதினார். நான் ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த எழுத்தை அடித்தேன். இந்தப் போர் பல வருடம் நடந்தது. எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

டூயியும் டிராவிஸும் ஒரே வருடம் ஓய்வு பெற்றார்கள். ஆகவே ஒரே தாளில் வந்தார்கள். பெக்ஸ்ட்ராம், பெல்லாமி. அகரவரிசை அவர்களை ஒருவர் மேல் ஒருவராக உட்கார வைத்தது.

இன்னொரு விஷயம். பத்திரிகைத் தொழிலை விட்டுப் பத்து வருடம் ஆனால் ஓட்டு பறிபோய்விடும். லெனுக்கு அது பத்தாவது வருடம். டூயியின் பெயர் தாளில் வரும் முதல் வருடமும் கடைசி வருடமும், லெனின் கடைசி ஓட்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கோடையிலேயே, பௌலிங் கூடத்தின் பார் மேசையில் வைத்து, லென் சொல்லிவிட்டார்: “உனக்கு ஒண்ணு விழும். என்னது.”

“நான் கேட்டேனா பெருசு?”

“கேக்கல.”

“அப்ப சரி” என்று டூயி திரும்பி, ஏற்கெனவே துடைத்த கண்ணாடிக் கோப்பை ஒன்றை வெகுநேரம் துடைத்தான்.

செப்டம்பரில் லெனின் மனைவி ஆர்லீன் இறந்துபோனாள்.

புகழ்மண்டப வரலாற்றில் ஆர்லீனுக்கு ஒரு பங்கு உண்டு. எந்த நூலகத்திலும் அதற்குப் பதிவு இல்லை. இருபத்து மூன்று வருடம் லென் பெயர் சொல்ல, ஆர்லீன்தான் தாளை ஒழுங்காகப் பிடித்தாள். அந்தக் கண்ணாடியோடு லென் எந்த வரியையும் நேராகப் பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். சமையலறை இழுப்பறையிலிருந்து ஒரு வெண்ணெய்க் கத்தியை எடுத்து, பெயருக்குக் கீழே கிடையாக வைப்பாள். “நில்லு லென். பேரைச் சத்தமாப் படி. ம். இப்பப் போடு.” கத்தியை நகர்த்துவாள். “அடுத்தது.” முடிந்ததும் நூலகத்துக்குப் போய் ஒரு நகல் எடுத்து, தபாலையும் அவளே பெட்டியில் போட்டுவிட்டு வருவாள். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பலர் அந்த வெண்ணெய்க் கத்தியின் தயவில் வெண்கலமானவர்கள்.

அவள் போன பிறகு லென் அழுததாக நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. தேவாலயத்துப் பெண்கள் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்த தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்; வரிசைக்கிரமமாகச் சாப்பிட்டார். தட்டுகளைக் கழுவி, யாருடையது எது என்று அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பனி பெய்தால் வாசலில் தள்ளி ஒதுக்கினார். எப்படியிருக்கிறார் என்று கேட்டால், “இருக்கேன்” என்றார். பல் பிடுங்கிய பிறகு, மரத்துப்போன உதட்டை விரலால் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படித் தன்னையே அவ்வப்போது தொட்டுப் பார்க்கிற ஒரு முகம்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி மதியம் தாளை எடுத்து மேசையில் விரித்தார். மூன்றாக மடித்து வந்த தாள். முதல் மடிப்பு சரியாக ‘பெ’ வரிசையின் மேல் விழுந்திருந்தது. டூயியின் பெயரைக் கண்டுபிடித்தார். பேனாவைக் கட்டத்துக்கு நேராகக் கொண்டுபோனார். தொலைபேசி அடித்தது.

மருந்துக்கடையின் இயந்திரக் குரல். “வணக்கம். ஆர்லீன் ட்ரோப்னி அவர்களின் மருந்து தயாராக உள்ளது. பெற்றுக்கொள்ள ஒன்றை அழுத்தவும். நினைவூட்ட இரண்டை அழுத்தவும்.”

மாதாமாதம் வரும் அழைப்புதான். லென் கடைசி வரைக்கும் கேட்டார். அந்தக் குரல் முழுவதையும் மறுபடி ஒரு முறை சொல்லிற்று. அதையும் கேட்டார். பிறகு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, பெருக்கல் குறி போட்டார். மற்ற எட்டுப் பெயர்களுக்கும் போட்டார். ‘என் ஓட்டை வெளியிடச் சம்மதம்’ என்ற கட்டத்திலும், ஒளிவுமறைவு இல்லாத மனிதர் என்பதால், வழக்கம்போலப் போட்டார். கையெழுத்திட்டார். நகல் எடுக்கவில்லை. நகல் எடுப்பது ஆர்லீனின் இலாகா.

ஜனவரியில் முடிவு அறிவித்த மாலை, டூயி தன் கூடத்தில் விருந்து வைத்தான். வெண்கலத்துக்குப் போகிறவர்கள்கூட அப்படி வைத்திருக்க மாட்டார்கள். வெள்ளைக் கிரீம் பூசிய பெரிய செவ்வகக் கேக். நடுவில் நீல நிறத்தில், ஒரு முழ உயரத்துக்கு, ‘1’.

பாரில் ஊற்றிக் கொடுக்கும் கிளாரிஸ் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஒண்ணுக்கே இம்மாம் பெரிய கேக்கா? முந்நூறு விழுந்திருந்தா இந்தக் கட்டடத்தையே மாவுல சுட்டிருப்பே.”

“முந்நூறு வாங்கினவனுங்க எவனுக்காவது அத்தனை பேரையும் தெரியுமா? எனக்கு என் ஓட்டுக்காரரை நேர்ல தெரியும். உக்காரு பெருசு. பிராந்தி ஊத்து கிளாரிஸ், அவருக்கு.”

மாலை ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியில் பெரிய பெயர்களைச் சொன்னார்கள். பார் முழுக்கக் கைதட்டிற்று. சின்னப் பெயர்களைத் தொலைக்காட்சியில் சொல்லமாட்டார்கள்; பட்டியலின் அடியில் தேட வேண்டும். கிளாரிஸ் தன் கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள்.

“இரு, இரு... ரெண்டு வாங்கினவன்... ஆங், ஒண்ணு. ஒண்ணு வாங்கினவங்க.” அவள் குரல் இறங்கிற்று. “டிராவிஸ் பெல்லாமி. ஒண்ணு.”

“அட, டிராவிஸுக்கும் விழுந்துச்சா! எந்த மகராசன்டா அது?” என்றான் டூயி. “சரி, எனக்கு வா.”

“அவ்வளவுதான், டூயி.”

“அவ்வளவுதான்னா?”

“ஒண்ணு வாங்கினது அவ்வளவுதான். அதுக்குக் கீழ உன் பேர் இருக்கு.” கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். “முட்டை.”

எட்டுத் தடங்களில் ஏதோ ஒன்றில் மட்டும் பந்து உருண்டு போய்க் கட்டைகளைச் சாய்த்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லென் அந்தக் கணமே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். மடிப்பு, தொலைபேசி, பேனா. பிராந்தியில் மிதந்த செர்ரிப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டூயிதான் அவரைக் காப்பாற்ற முன்வந்தான். “தபால்ல எங்கியாவது மாட்டியிருக்கும். பனியில வண்டி கவுந்திருக்கும். இல்லியா, பெருசு?”

“இருக்கலாம்” என்றார் லென்.

முப்பத்தொரு வருடத்தில் அவர் அச்சிட்ட பொய்கள் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. வாயால் சொன்ன பொய், அன்று வரைக்கும், இது ஒன்றுதான். அதுவும் ஒரு சொல்லில்.

கேக்கை யாரும் வெட்டவில்லை. டூயி அதை அட்டைப் பெட்டியோடு தூக்கி, மீன் வைக்கும் உறைபெட்டிக்குள் வைத்தான். “அடுத்த ஒண்ணுக்கு ஆகும்” என்றான். அடுத்த ஒன்று கிடையாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

சம்மதம் தெரிவித்தவர்களின் ஓட்டுகளை, யார் யாருக்குப் போட்டார்கள் என்று, இரண்டு வாரம் கழித்து வெளியிடுவார்கள். அந்த இரண்டு வாரமும் லென் வாசலில் பனி தள்ளினார். பக்கத்து வீட்டு வாசலிலும் தள்ளினார். பதினான்காம் நாள் காலை வெளிவந்தது: லென் ட்ரோப்னி, மில்வாக்கி. எட்டுப் பெரிய பெயர்கள். ஒன்பதாவதாக, டிராவிஸ் பெல்லாமி. பெயரில் இம்முறை எழுத்துப் பிழை இல்லை.

பத்து மணிக்கு அவர் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

“மிஸ்டர் ட்ரோப்னிங்களா? நான் டிராவிஸ் பேசறேன். டிராவிஸ் பெல்லாமி. ஒக்லஹோமாலேர்ந்து.”

“தெரியுது.”

“வைக்காதீங்க சார். அந்த சீஸ் விஷயம்... நான் அப்பவே சொல்லியிருக்கணும். நான் ஒரு கழுதை சார். இருபத்தாறு வயசு. எவன் என்ன எழுதினாலும் அவன் என் கழுத்தை அறுக்கறான்னு நெனப்பேன்.”

“பரவாயில்ல, டிராவிஸ். அந்த ஓட்டு வந்து...”

“சொல்லி முடிச்சிடறேன் சார், இல்லன்னா சொல்லவே மாட்டேன். என் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. நான் ஆடினது அவளுக்கு ஞாபகமே இல்ல. நெட்ல தேடினா எல்லாரும் என்னைத் திட்டினதுதான் இருக்கு. நேத்து வரைக்கும் அந்த ஒண்ணு தப்பா விழுந்ததுன்னு கிண்டல் பண்ணிட்டிருந்தா. இன்னிக்குக் காலைல உங்க பேரைப் பார்த்துட்டு அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டா. ‘அப்பா, இவர் பேப்பர்க்காரராமே, இவருக்கு உன்னை நல்லாத் தெரியுமா’ன்னு கேக்கறா. நான் என்ன சார் சொல்றது? நல்லாத் தெரியும்னு சொன்னேன்.”

லென் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“சனிக்கிழமை வண்டிய எடுத்துக்கிட்டு வரேன். உங்க கையப் பிடிச்சு ஒரு நன்றி சொல்லணும். டூயி கூடத்துலயே சந்திக்கலாமா? அவனையும் பார்த்த மாதிரி இருக்கும்.”

இரண்டு மணிக்கு லென் என் அலுவலகத்துக்கு வந்தார். பத்து வருடத்தில் முதல் முறை. கம்பளிச் சட்டையில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. “ஒரு திருத்தம் போடணும்” என்றார். திருத்தம் என்பது எங்கள் பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில், யாரும் படிக்காத மூலையில், படிக்கக் கூடாதவர்கள் மட்டும் தவறாமல் படிக்கும் நான்கு வரி. நானே தட்டச்சு செய்தேன்: ‘புகழ்மண்டபத் தேர்தலில் திரு. லென் ட்ரோப்னி, திரு. டிராவிஸ் பெல்லாமிக்கு அளித்த ஓட்டு, திரு. டூயி பெக்ஸ்ட்ராமுக்கு அளிக்க உத்தேசித்தது. கட்டம் மாறியது. தவறுக்கு வருந்துகிறார்.’ மொழி நடை குறையில்லாமல் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இதழுக்கு என்று குறித்து வைத்தேன்.

“ஓட்டை மாத்த முடியுமா?” என்று கேட்டேன்.

“முடியாது. எண்ணி முடிச்சாச்சு. டூயிக்குப் பூஜ்யம் பூஜ்யம்தான்.”

“அப்ப இந்தத் திருத்தத்துல யாருக்கு என்ன கிடைக்கும்?”

“டூயிக்கு ஒண்ணு கிடைக்கும். தாள்ல இல்ல. ஊர்ல.” பிறகு, “அந்தப் பொண்ணு ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்துடும்” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

என்னையும் கூட்டிக்கொண்டு டூயியிடம் போனார். கூடத்தில் வாடிக்கையாளர்கள் யாரும் இல்லை. டூயி மண்டியிட்டு ஆறாம் தடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

“பார்த்தேன்” என்றான். “காலைலயே கிளாரிஸ் காட்டினா.”

“கட்டம் மாறிடுச்சு, டூயி.”

“கட்டம்.”

“உன் பேர் மேல. அவன் பேர் கீழ. பேனா ஒரு வரி இறங்கிடுச்சு.”

“யோவ், நான் கேட்டேனாய்யா?” டூயி துணியைக் கீழே எறிந்தான். “ஜூன் மாசம் நீயா வந்து சொன்னே. நீயா! நான் பாட்டுக்கு முட்டை வாங்கிட்டுப் போயிருப்பேன். சிரிச்சிருப்பேன். முப்பது பேரைக் கூப்பிட்டு, கேக்கு வாங்கி... அப்புறம் தபாலுன்னு நானே உனக்குச் சாக்கு எடுத்துக் குடுத்தேன். நீ ‘இருக்கலாம்’னே. உனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“இருபத்தி மூணு வருஷமா போடறே. ஒரு தடவ கட்டம் மாறினதுண்டா? என் பேர்ல மட்டும்தான் மாறுமா? அதுவும் அந்த சீஸ்காரனுக்கா? இதை எவன்யா நம்புவான்?”

“ஆர்லீன் கத்தி வைப்பா” என்றார் லென். “வரிக்கு அடியில. இந்தத் தடவ இல்ல.”

எந்த உணர்ச்சியும் இல்லாமல், ஒரு ஆட்டத்தின் இறுதி எண்ணிக்கையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். டூயி எண்ணெய்த் தகரத்தின் மூடியைத் திருகி மூடினான். மூடியது போதவில்லை போல, மறுபடி திறந்து மூடினான்.

“எந்தக் கத்தி?”

“வெண்ணெய் தடவறது.”

டூயி தடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். பதினோரு வருடம் குந்தியே முழங்கால் போனவன். அப்படி உட்கார அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. லென் திருத்தத்தைப் பற்றிச் சொன்னார். நான் தாளை நீட்டினேன். டிராவிஸ் தொலைபேசியில் சொன்னதையும், ஃபிரிட்ஜையும், சனிக்கிழமையையும், லென் விட்டுவிடாமல் சொன்னார். முப்பத்தொரு வருடப் பழக்கம்; எதையும் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

டூயி நான்கு வரியை நான்கு தடவை படித்தான். தாளை மடித்தான்.

“அன்னிக்கு நான் போன் பண்ணினேனே, ஞாபகம் இருக்கா? மாத்தமாட்டேன்னே.”

“விதி இடம் குடுக்கல.”

“இதுல விதி ஒண்ணும் இல்லியே?”

“இல்ல.”

“அப்ப மாத்து.” தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். “விட்ட பந்து. என் பேர்ல போடு.”

“அது என் தப்பு, டூயி. மண்ணுல குத்தினது நான்.”

“யோவ், மேல உக்காந்துகிட்டு வாதாடாதே. நான் பிடிக்கல, அவ்வளவுதான். போ. சனிக்கிழமை வா. அவன்கிட்ட வாயத் திறந்தே, உன் பிராந்தியில எண்ணெய் ஊத்திடுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை இதழில் அந்த இடத்தில் ஒரு பூங்காவின் திறப்பு நேரம் பற்றிய திருத்தம் வந்தது. உண்மையில் அந்த நேரம் முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை டிராவிஸ் வந்தான். தலை வழுக்கை, தொப்பை, சட்டைப் பையில் மடித்த ஒரு காகிதம். வாசலிலேயே லெனின் கையைப் பிடித்தவன் விடவில்லை. “மிஸ்டர் ட்ரோப்னி” என்று நாலைந்து தடவை சொன்னான். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. லென் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. பிறகு, “நல்ல வீச்சு உன்னுது” என்றார். டிராவிஸின் முகம் கோணிக்கொண்டது.

அப்புறம் அவன் டூயியைப் பார்த்தான். “உனக்கு விழலியேடா. உன்னோட ஊரு. எனக்குப் போய்... அசிங்கமா இருக்குடா.”

“உனக்கு ரெண்டு விழுந்திருக்கணும்” என்றான் டூயி. “இன்னொருத்தன் குடிச்சிட்டுத் தூங்கியிருப்பான். உக்காரு.”

உள்ளே போய் உறைபெட்டியைத் திறந்து, மீன்களை ஒதுக்கும் சத்தம் கேட்டது. அட்டைப் பெட்டியோடு வந்தான். மூடியைத் திறந்தான். வெள்ளைக் கிரீமின் மேல் பனி படிந்திருந்தது. நீல ‘1’ கொஞ்சம் வெளிறிப்போயிருந்தது. மற்றபடி முழுசாக இருந்தது.

டிராவிஸ் அதையே பார்த்தான். “எனக்கா?”

“வேற எவன் இங்க ஒண்ணு வாங்கினவன்?”

கிளாரிஸ் முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். டூயி பெரிய கத்தியை எடுத்துக் கேக்கில் வைத்து அழுத்தினான். இறங்கவில்லை. கல்லாக இறுகியிருந்தது. இன்னொரு தரம் அழுத்தினான். ‘1’-இன் ஓரத்தில் நீலச் சில்லு ஒன்று பெயர்ந்து லெனின் பக்கம் விழுந்தது.

“இளகணும்” என்றான் டூயி. “அரை மணி ஆகும்.”

மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டிராவிஸ் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பக்கத்தை, எடுத்து, விரித்து, லெனின் கையெழுத்து வேண்டும் என்றான், பெண்ணுக்கு. லென் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பேனாவைப் பிடித்த கை தாளின் மேல் அப்படியே நின்றது. டூயி எட்டி, தன் கட்டை விரலைத் தாளின் குறுக்கே கிடையாக வைத்தான்.

“இதுக்கு மேல” என்றான்.

லென் போட்டார். பிறகு கேக் இளகுவதற்காகக் காத்திருந்தார்கள்.